குதிகால் வலிக்கு ஊசியா, பயிற்சியா, செருப்பா: எதை முதலில் எடுப்பது?

குதிகால் வலி வந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டால் மதுரையில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்வார். செருப்புக்கடைக்காரர் எம்.சி.ஆர். செருப்பை, அதாவது மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்ததை, எடுத்து முன்னால் வைப்பார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பார். மைத்துனர் போன் செய்து, தெரிந்தவருக்கு ஷாக்வேவ் (கருவியால் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் சிகிச்சை) கொடுத்துச் சரியாகிவிட்டது என்பார். எல்லாரும் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதற்குக் காசு போடுவது, எதைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் பிசியோதெரபி செய்கிறவன். அதனால் பயிற்சியின் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாம் பேசுவது எந்த வலியைப் பற்றி என்று தெளிவாக்கிக்கொள்வோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகாலின் அடியில் ஆணி குத்துவது மாதிரி வலிக்கும். நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் விடும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் திரும்பவும் பிடிக்கும். சாயங்காலம், நின்ற நேரத்துக்கு ஏற்ப ஒரு கனத்த வலி வரும். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரை ஓடுகிற தடித்த திசுப்பட்டை ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம், திரும்பத் திரும்ப விழுகிற பளுவால் நைந்து போவதால் வருவதே இந்த வலி. வீக்கம் மட்டும் காரணமாக இருந்தால் வலி மாத்திரை பத்து நாளில் ஆற்றிவிட்டிருக்கும். நாள்பட்ட வலியில் நைந்த திசு வலுவாக வேண்டியிருக்கிறது. அதற்கு மாத்திரை இல்லை.

“எலும்பு வளர்ந்திருச்சாம்ணே, ஆபரேஷன் பண்ணணுமா?” என்று எக்ஸ்ரே கவரோடு வருகிறவர்கள் அதிகம். அந்த முள் போன்ற வளர்ச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். குதிகாலில் ஒரு துளி வலி இல்லாதவர்கள் பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும். வலி முழுக்கப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். எலும்பு முள்ளைக் கரைக்கிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேறு சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். படுத்திருக்கும்போதும் இரவில் வலி எழுப்புகிறது, பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது, குதிகால் வீங்கிச் சூடாக இருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் துடிக்கிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்க வாய்ப்புண்டு. இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

சரி, சிகிச்சைகளுக்கு வருவோம். எதை எதோடு ஒப்பிட்டாலும் நடுவில் ஒரு உண்மையை வைத்தே ஒப்பிட வேண்டும்: இந்த வலி வந்தவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆகவே எந்தச் சிகிச்சையைப் பற்றியும் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். அந்த ஒரு வருடத்தை இது எவ்வளவு சுருக்கும்? சுருக்குவதற்கு ஈடாக என்ன கேட்கும்?

பயிற்சியில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, இழுப்புப் பயிற்சி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி அடுத்த தொடை மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் கயிறு மாதிரி ஒன்று விறைப்பதை இன்னொரு கையின் விரலால் தொட்டு உணரலாம். 10 வினாடி பிடித்து விடுவது, அப்படி 10 தடவை, நாளுக்கு 3 வேளை. முதல் வேளை காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வில், பல மாதங்களாக வலி தீராதவர்களுக்கு இந்த முறையைக் கொடுத்தார்கள். கெண்டைக்காலை மட்டும் இழுக்கிற வழக்கமான பயிற்சியைவிட இது 8 வாரத்தில் நன்றாகவே வேலை செய்தது. செலவு கிடையாது, கருவி வேண்டாம், எழுபது வயதுக்காரரும் செய்யலாம்.

இரண்டாவது, வலுவூட்டும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியில் வைத்து, விரல்கள் அதன் மேல் ஏறி நிற்கிற மாதிரி முன்பாதத்தால் நிற்க வேண்டும். குதிகால் படிக்கு வெளியே இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 3 வினாடியில் மெதுவாக மேலே எழுந்து, 2 வினாடி நின்று, 3 வினாடியில் கீழே இறங்குவது. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். 12 தடவை செய்தால் களைத்துப் போகிற அளவு கனத்தில் 3 சுற்று. சுலபமாகிவிட்டால் தோளில் ஒரு பையை மாட்டி அதில் புத்தகங்களைப் போட்டுக் கனத்தைக் கூட்டுங்கள். முக்கியமாக, ஒருநாள் விட்டு ஒருநாள்தான். டென்மார்க்கில் 2014-இல் வெளியான ஆய்வில் ஒரு குழுவுக்கு இதையும் இன்னொரு குழுவுக்கு மேலே சொன்ன இழுப்பையும் கொடுத்தார்கள், இருவருக்கும் செருப்புக்குள் வைக்கிற திண்டும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வலுவூட்டிய குழு தெளிவாக முன்னால் இருந்தது. ஒரு வருடம் ஆனபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆக, போய்ச் சேரும் இடம் ஒன்றே, வலுவூட்டல் கொஞ்சம் சீக்கிரமாகக் கொண்டு சேர்க்கிறது.

என்னிடம் வருபவர்களில் பயிற்சி பலிக்கவில்லை என்பவர்களைக் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு வாரம் செய்து விட்டுவிட்டிருப்பார்கள். இது மூன்று மாதக் கணக்கு. முதல் மாதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் கனத்தைக் குறையுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களும், நிற்கும்போது தடுமாறுகிறவர்களும் இழுப்போடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அடுத்து காலணி. பாதத்தை அளவெடுத்து, கணினியில் பதிந்து, தனியாகச் செய்து தருகிற திண்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற சிலிகான் குதிகால் திண்டு சில நூறு ரூபாய். 1999-இல் அமெரிக்காவில் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வில் எல்லாருக்கும் இழுப்புப் பயிற்சி கொடுத்து, சிலருக்கு மட்டும் விதவிதமான திண்டுகளைக் கூடச் சேர்த்தார்கள். 8 வாரம் கழித்து, சிலிகான் திண்டு போட்டவர்களில் 95 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. அளவெடுத்துச் செய்த விலையுயர்ந்த திண்டு போட்டவர்களில் 68 சதவீதம்தான். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும், ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் கடையில் கிடைப்பதற்கும் அளவெடுத்துச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதத்தின் வடிவத்தில் வேறு கோளாறு இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் முதலில் சில நூறு ரூபாயைச் செலவழித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த ஆய்வெல்லாம் காலையிலிருந்து இரவு வரை ஷூ போட்டிருக்கிற ஊரில் நடந்தவை. நம் வீட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். உள்ளே கிரானைட், டைல்ஸ், மொசைக். ஒரு குடும்பத் தலைவி காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நின்றால் பத்து மணி வரை வெறுங்காலோடு அந்தத் தரையில்தான் நிற்கிறார். அவர் வெளியே போகும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் குதிகாலுக்குக் கிடைப்பது சொற்பம். எனக்கு இதில் ரொம்ப அக்கறை உண்டு, ஏனென்றால் மதுரையில் இந்த வலியோடு வருகிற பெண்களுக்கு மற்ற எல்லாம் சொல்லப்பட்டிருக்கும், இது மட்டும் சொல்லப்பட்டிருக்காது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு தனியாக வாங்குங்கள். அது வாசலைத் தாண்டக் கூடாது. பூஜையறைக்கு முன்னால் கழற்றிவிடலாம். அடுப்படியில் செருப்பே கூடாது என்கிற வீடுகளும் உண்டு. மாமியாரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னும் பாத்திரம் கழுவும் இடத்திலும் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்ளலாம், காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம்.

சரி, அதே கணக்கைக் கடையில் நிற்பவர்களுக்குப் போட்டுப் பாருங்கள். மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குப் பயிற்சியும் திண்டும் கொடுத்துவிட்டு, பத்து மணி நேரம் நிற்பதை அப்படியே விட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அது கேட்டு வாங்கும் உரிமை. கடை முதலாளிகள் இதைப் படித்தால், ஒரு ஸ்டூலின் விலையையும் ஊழியரின் சிகிச்சைச் செலவையும் ஒப்பிட்டு யோசித்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். மற்றவர்களுக்கு அரசு இராஜாஜி மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. காசு இல்லாததால் வலியைச் சுமக்க வேண்டியதில்லை.

உள்ளங்காலைத் தாங்கும்படி மருத்துவ டேப் ஒட்டுவது ஒரு வாரத்துக்கான ஏற்பாடு. கல்யாணம், கோயில் என்று வெறுங்காலோடு நின்றே ஆக வேண்டிய நாட்களில் கைகொடுக்கும். மீனாட்சியம்மன் கோயில் கல்தரையில் திண்டு உதவாது, டேப் உதவும். ஆனால் ஒட்டத் தெரிந்தவர் ஒட்ட வேண்டும். இரவில் பாதத்தை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கிற கட்டு, காலை வலி மிக மோசமாக இருப்பவர்களுக்குப் பயன்படும். நம் ஊர் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் குறைவு என்பதால் நான் அதிகம் சொல்வதில்லை.

செங்கல் ஒத்தடத்தைக் கேலி செய்கிறவன் அல்ல நான். சூடு, இறுகிய கெண்டைக்காலைத் தளர்த்தும். காலையில் அதற்குப் பிறகு பயிற்சி செய்தால் சுலபமாக இருக்கும். சித்த மருத்துவர்கள் இதைக் குதிகால் வாதம் என்று பார்த்து எண்ணெயும் ஒத்தடமும் தருகிறார்கள், சுகமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. ஆனால் அது அன்றைய வலிக்கான ஆறுதல். நைந்த பட்டையை வலுவாக்குவது அதன் வேலை இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சுட்ட செங்கல் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி மழுங்கிய பாதத்தில் தோல் வெந்தது தெரியாமல் புண்ணாகி, அது காலை எடுக்க வேண்டிய நிலைக்கே போய்விடலாம். எருக்கம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைக் கிள்ளிய கையை நன்றாகக் கழுவுங்கள்.

இப்போது ஸ்டீராய்டு ஊசி. இதைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். போட்டால் எலும்பு கெட்டுவிடும் என்று பயமுறுத்துவதும் தவறு, ஒரே ஊசியில் தீர்ந்தது என்பதும் தவறு. ஆஸ்திரேலியாவில் 2012-இல் வெளியான ஆய்வில் ஸ்கேன் பார்த்தபடியே சரியான இடத்தில் ஊசி போட்டார்கள். 4 வாரத்தில் மருந்தில்லா ஊசி போட்டவர்களைவிட வலி குறைந்திருந்தது. 8 வாரத்திலும் 12 வாரத்திலும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்கள். ஊசி உங்களுக்கு வாங்கிக் கொடுப்பது ஒரு மாதம். அந்த மாதத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று தெரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வலி கடுமையாக இருந்து பயிற்சியே தொடங்க முடியவில்லை என்பவருக்கு ஊசி போட்டு, அந்த மாதத்தில் பயிற்சியைப் பிடித்துக்கொண்டால் அது நல்ல முடிவு. வலி விட்டதென்று பழையபடி பத்து மணி நேரம் நின்றால் மூன்றாம் மாதம் மறுபடி ஊசிக்கு வருவார். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் ஆபத்தும், குதிகாலின் அடியில் மெத்தென்று இருக்கிற கொழுப்பு கரையும் ஆபத்தும் கூடுகின்றன. கரைந்த கொழுப்பைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும், அதனால் சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பி.ஆர்.பி. என்பது உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைக் குதிகாலில் போடுவது. முதல் சில நாட்கள் வலி கூடும், பலன் மெதுவாக வரும். ஸ்டீராய்டோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில் ஒரு வருடம் கழித்து இது முன்னால் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் பலவும் சிறியவை, தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது, முடிவுகளும் ஒத்துப் போகவில்லை. விலை கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதவர் யோசிக்கலாம். முதல் மாதத்திலேயே ஒருவர் இதைச் சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

அதே ஆறு மாதக் கட்டத்தில் இருப்பவருக்கு, பி.ஆர்.பி.க்கும் ஷாக்வேவுக்கும் நடுவில் தேர்வு என்றால் என் ஓட்டு ஷாக்வேவுக்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வலிக்கு அதை 2000-இலேயே அனுமதித்தது. பொதுவாக வாரம் ஒன்றாக 3 முறை கொடுப்பார்கள். தோலைத் துளைப்பதில்லை, அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். கொடுக்கும்போது வலிக்கும். அதற்காக மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் கொடுத்தால் பலன் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள், அதனால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். முழுப்பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஐந்து முறை, பத்து முறை என்று பேக்கேஜ் விற்றால் யோசியுங்கள்.

ஆபரேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நூறில் வெகு சிலருக்குத்தான் அது தேவைப்படும். ஒரு வருடம் எல்லாம் செய்தும் நடக்கவே முடியவில்லை என்றால் பட்டையின் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்துவார்கள். அதிகம் வெட்டினால் பாதத்தின் வளைவு தாழ்ந்து, வலி பாதத்தின் வெளிப்பக்கத்துக்கு இடம் மாறும். கெண்டைக்கால் மிகவும் இறுகியவர்களுக்குப் பட்டையைத் தொடாமல் கெண்டைத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிற ஆபரேஷனும் உண்டு. எலும்பு முள்ளை எடுப்பதற்காக மட்டும் ஆபரேஷன் என்று சொன்னால் கட்டாயம் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள். நேர்த்தியை விட முடியாது, குதிகாலும் வலிக்கிறது, கிளம்ப மூன்று வாரம் இருக்கிறது, ஒரு ஊசி போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். இந்த இடத்தில் நான் ஊசிக்கு எதிராகத்தான் நிற்பேன். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கும்போது, வலிதான் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும். ஊசி அந்த வலியை மறைத்துவிட்டு, பட்டையையும் பலவீனமாக்கிவிடும். அறுந்தால் மாதக்கணக்கில் படுக்க நேரிடும். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் இழுப்புப் பயிற்சி, டேப், முடிந்தவரை செருப்போடு நடப்பது, ஒரு நாளில் நடக்கிற தூரத்தைக் குறைத்துக்கொள்வது, தேவைப்பட்டால் பாதி வழி பஸ். அடுத்த வருடம் முழுதாக நடக்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே மாடிப்படியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடங்கிவிடுங்கள், அந்த மூன்று மாதம் முழுசாகக் கிடைக்கும். கார்த்திகை வாக்கில் திருப்பரங்குன்றம் கிரிவலத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மறுநாள் காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்பதை வைத்து, இரண்டாவது சுற்றைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.